இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே கணக்கா?

“டாக்டரய்யா, ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. இன்னியோட எட்டு நாளாச்சு. மகளுக்கு லேகியமும் பேத்திகளுக்கு உரை மருந்தும் வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆச்சி அவர். இருபது வருடமாக மூட்டு வலிக்கு என்னிடம்தான் தைலம் வாங்குகிறார். முகமெல்லாம் சிரிப்பு. இருக்காதா பின்னே! மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த குழந்தைகள்.

“பால் நல்லாக் குடிக்குதுகளா ஆச்சி?” என்று கேட்டேன்.

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு தினசரி காலண்டர் தாள் வந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். “ஆஸ்பத்திரியில எண்ணச் சொன்னாங்க. நேத்து மட்டும் பதிமூணு தடவ குடிச்சிருக்கு. எட்டு தடவ ஒண்ணுக்குப் போயிருக்கு.”

“எது? பெரியதா, சின்னதா?”

“ரெண்டும் சேத்துத்தான். ஒரே வயித்துல கெடந்ததுகதானே!”

எனக்கு லேசாக உறுத்தியது. பிரித்துச் சொல்லச் சொன்னேன். யோசித்து யோசித்துச் சொன்னார். “பெரியவ சரியான அழுகுணி. எப்பப் பாத்தாலும் அவதான் மடியில கெடப்பா. ஒம்பது பத்து தடவ இருக்கும். சின்னவ சாது. தூங்கிக்கிட்டே இருப்பா. நாமளா எழுப்புனாத்தான் உண்டு...”

அந்த ‘சாது’வைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். லேகியம் கட்டச் சொல்லவில்லை. குழந்தைத் தராசைத் தூக்கிக்கொண்டு ஆச்சியோடு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

பெரியவள் பிறக்கும்போது 2,250 கிராம். இப்போது 2,240. பரவாயில்லை. சின்னவள் பிறக்கும்போது 1,850 கிராம். தராசில் கிடத்தினால் 1,640! பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைவது சகஜம்தான். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது சகஜமில்லை. ஜன்னல் ஓரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றி, மார்பு, வயிறு, கால் என்று விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. முந்தின நாள் சிறுநீர் கழித்தது இரண்டே தடவை.

“மஞ்சளா இருக்கு, வெயில்ல காட்டுனாப் போயிரும்னு பக்கத்து வீட்டுல...” என்று ஆச்சி ஆரம்பித்தார். “இல்ல ஆச்சி. ஆட்டோ கூப்பிடுங்க. குழந்தை பிறந்த ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்” என்றேன்.

மூன்று நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு நாள் ‘சாதுவாக’ விட்டிருந்தால் மஞ்சள் மூளைக்கு ஏறியிருக்கலாம். காது கேட்காமல் போவது, கை கால் விறைத்துப் போவது எல்லாம் அப்படி வருவதுதான்.

பதிமூன்று, எட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்! அந்த நல்ல கணக்குக்குள்ளே ஒரு குழந்தை பட்டினி கிடந்தது.

சீட்டு எழுதுகிற பெண்ணே...

இதில் வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளின் அம்மா சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சின்னவள் வீடு திரும்பிய பிறகு போய்ப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “ரெண்டு குழந்தைக்கும் சேர்த்து இப்படி ஒரு ஃபைல் ஆபீஸ்ல வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன் டாக்டர். வீட்டுல மட்டும் எப்படி விட்டேன்னு தெரியல.”

இந்த வேலை என்னவென்று நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. பிள்ளை ‘கோடிங்’ என்று சொன்னால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். இது வேறு. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைக் குறிப்பது. அந்த எண்களை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். சென்னை, கோவை, திருச்சியில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக இதைச் செய்கிறார்கள். நோய்களுக்கான எண் பட்டியலை வெளியிடுவது உலக சுகாதார நிறுவனம். அதன் பத்தாவது பதிப்பை அமெரிக்கா தன் தேவைக்கு இன்னும் விரித்து வைத்திருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “உன் பிரசவம் அமெரிக்காவில் நடந்திருந்தால் எப்படி எழுதுவாய்?” உற்சாகமாகிவிட்டார். ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார்.

முதல் கட்டம் அம்மாவுக்கு. இரட்டைக் கர்ப்பத்துக்கு ஓ 30 வரிசை. அதிலும் நஞ்சு ஒன்றா இரண்டா, பனிக்குடம் ஒன்றா இரண்டா என்று கேட்கும். இவருக்கு நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, கடைசி மூன்று மாதத்தில் பிரசவம். ஆகவே ஓ 30.033. பிரசவத்தின் முடிவுக்கு இசட் 37.2, அதாவது இரட்டைக் குழந்தைகள், இருவரும் உயிருடன். ஆபரேஷனுக்காக டாக்டருக்கு வரும் கட்டணம் இன்னொரு பட்டியலில் இருக்கிறது. கர்ப்பகால கவனிப்பு, சிசேரியன், அதற்குப் பிந்தைய கவனிப்பு மூன்றும் சேர்ந்த எண் 59510. அதை ஒரு தடவைதான் போட வேண்டும். குழந்தை இரண்டானாலும் கீறல் ஒன்றுதானே! வழக்கத்தைவிட வேலை அதிகமாக இருந்தது என்று டாக்டரின் குறிப்பில் இருந்தால் 22 என்று ஒரு பின்னொட்டு சேர்க்கலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டம் பெரியவளுக்கு. இசட் 38.31. உயிருடன் பிறந்த இரட்டையரில் ஒருவர், சிசேரியன் மூலம் என்று பொருள். கூடவே எடைக்கு பி 07.18. அது 2,000 கிராம் முதல் 2,499 கிராம் வரை உள்ள குழந்தைக்கு. 36 வாரத்தில் பிறந்ததற்கு பி 07.39.

மூன்றாவது கட்டம் சின்னவளுக்கு. அதே இசட் 38.31. வாரத்துக்கும் அதே எண். எடைக்கு மட்டும் பி 07.17. 1,750 முதல் 1,999 கிராம் வரை. பிறகு வந்த மஞ்சளுக்கு பி 59.0.

“அம்மா ஃபைல்ல போடுற 37-ஐக் குழந்தை ஃபைல்ல போடக்கூடாது. குழந்தைக்குப் போடுற 38-ஐ அம்மா ஃபைல்ல போடக்கூடாது. அதுவும் குழந்தைக்கு ஒரே ஒரு தடவைதான், பிறந்த ஆஸ்பத்திரியில மட்டும். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினா அங்க போடக்கூடாது. ஒருத்தர் ஒரு தடவைதானே டாக்டர் பிறக்க முடியும்!” என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கர்ப்பத்தில் ஏதாவது சிக்கல் என்றால்கூட, எந்தக் குழந்தைக்கு என்பதை அந்த எண்ணின் ஏழாவது இடம் சொல்லிவிடுமாம். இரண்டாவது குழந்தை கால் கீழாக இருந்தால் கடைசியில் 2 வரும். பிறப்பதற்கு முன்பே தனிக் கணக்கு!

எங்கள் துறையும் இந்த வழிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சித்த மருத்துவ நோய்ப் பெயர்களுக்கு ஆயுஷ் அமைச்சகம் எண்கள் கொடுத்திருக்கிறது. 2024 ஜனவரி 10-ம் தேதி, உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது பதிப்பில் ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கான பகுதியை டெல்லியில் வெளியிட்டார்கள். ‘வாதம் பித்தம் கபத்துக்கெல்லாம் நம்பரா?’ என்று என் வயதுக்காரர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. காரணம் இருக்கிறது.

என் கை எழுதிய தப்பு

1998-ல் நடந்தது. அப்போது நான் கிளினிக் ஆரம்பித்துச் சில வருடங்கள்தான். பத்து மாத இரட்டை ஆண் குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். அச்சில் வார்த்தது போல் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் மலச்சிக்கல். ஒரே சீட்டில், ‘இரண்டு குழந்தைகளுக்கும் காலையில் விளக்கெண்ணெய்’ என்று அளவு போட்டு எழுதிக் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை. எடையும் போடவில்லை. ‘ஒரே வயசு, ஒரே முகம், ஒரே மருந்து’ என்று நினைப்பு.

காலையில் பாட்டி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவன் தூங்குகிறான் என்று விட்டிருக்கிறார். அம்மா குளித்துவிட்டு வந்து, விழித்துக்கொண்டிருந்தவனுக்கு ஊற்றியிருக்கிறார். அவன்தான் ஏற்கெனவே குடித்தவன்! அன்று பகல் முழுவதும் அவனுக்குப் பேதி. கண் குழி விழுந்து, சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தேறிவிட்டான். அந்தக் குடும்பம் என்னைத் திட்டவில்லை. “எங்க கவனக்குறைவு டாக்டர்” என்றார்கள். அவர்கள் கவனக்குறைவா அது? சீட்டு என்னுடையது.

அன்றிலிருந்து இரட்டையர் வந்தால் இரண்டு சீட்டு. இரண்டிலும் பெயர், அன்றைய எடை, மருந்தளவு. பாட்டிலும் இரண்டு, ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல். குழந்தைகள் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றின் கால் விரல் நகத்தில் அடையாளமாக ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து, வைட்டமின் டி சொட்டு மருந்து எல்லாம் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் குழந்தை டாக்டர்கள் எழுதுவார்கள். எடைக்குத் தகுந்தபடி அளவு மாறும் மருந்துகளில் பெரியவளுக்கு எழுதியதைச் சின்னவளுக்கு ஊற்றினாலே அளவு தப்பிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்...

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் பில்லை மட்டும் பார்க்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் திணித்துவிடுகிறோம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். குழந்தைக்கு ஒரு தாளாக இரண்டு தாள் தனியாக இருக்கிறதா? முதலில் பிறந்தது யார், எத்தனை மணிக்கு, என்ன எடை, ரத்த வகை என்ன என்பது இரண்டிலும் இருக்கிறதா? பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள் காமாலை பி தடுப்பூசி... எடை குறைந்த குழந்தைக்குச் சிலது தள்ளிப்போட்டிருப்பார்கள். ‘ரெண்டு பேருக்கும் போட்டாச்சு’ என்று வாய் வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

அம்மாவின் தாளில் சிசேரியன் எதற்காகச் செய்தார்கள் என்பது இருக்க வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு அது தேவைப்படும். இரட்டை என்றாலே ஆபரேஷன் என்று எந்த விதியும் கிடையாது. முதல் குழந்தை தலை கீழாக இருந்து, இருவருக்கும் தனித்தனிப் பனிக்குடம் இருந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வதுண்டு. முதல் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இருவரும் ஒரே பனிக்குடத்தில் இருந்தாலோ ஆபரேஷன்தான் பத்திரம்.

பிறப்புப் பதிவும் இரண்டு. 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். பெயர் முடிவாகவில்லை என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்தால், பிறந்த குழந்தைகளை எத்தனை நாளுக்குள் சேர்க்கச் சொல்கிறது என்று அப்பா அன்றே பாலிசியைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது குழந்தையின் பெயரை மறந்துபோன அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். சின்னதுக்குத்தான் பிறகு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது!

தண்ணீர் கொடுக்காத பத்தியம்

இனி அம்மா. நான் சித்த மருத்துவன், பத்தியத்தை நம்புகிறவன். அதனாலேயே சொல்கிறேன். ‘தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்’ என்று ஆபரேஷன் ஆன பெண்ணுக்குத் தொண்டை நனைக்க மட்டும் தண்ணீர் கொடுப்பது பத்தியமில்லை. கொடுமை! இரண்டு குழந்தைக்குப் பால் ஊற வேண்டிய உடம்பு அது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும், சிறுநீர்க் கடுப்பு வரும். தாகத்துக்குத் தகுந்தபடி தாராளமாகக் குடிக்கட்டும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கட்டும்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பூண்டு, பாசிப்பருப்பு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுறாப் புட்டு. நம் பாட்டிமார் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்குப் பால் கொடுப்பவளுக்கு ரசஞ்சோறும் பருப்புத் துவையலும் மட்டும் போதாது. முட்டை, பால், பழம் எதற்கும் தடை வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்கள் சாப்பிடச் சொல்கிறது அரசுத் திட்டம். ‘டிஸ்சார்ஜ் ஆயாச்சே’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

லேகியமா? கொடுக்கலாம். உடனே வேண்டாம். புண் ஆறி, பசி நன்றாக எடுத்த பிறகு கொடுக்கலாம். இரட்டைக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் அதிகம். எங்கள் லேகியங்களில் பாதி கருப்பட்டிதான். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் உருண்டை உருட்டிக் கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டிருந்தால், என்னைப் போன்றவர்களிடம் மருந்து வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

தையல் மேல் மஞ்சள், எண்ணெய், வேப்பிலை அரைத்த விழுது எதுவும் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றுவதும் வேண்டாம். அந்த இடம் உலர்ந்திருந்தாலே ஆறிவிடும். இரட்டையரைச் சுமந்த கருப்பை ரொம்பவும் விரிந்த கருப்பை, சுருங்குவதில் சில சமயம் சுணங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைந்தாலோ, காய்ச்சலோ, நாற்றமெடுக்கும் கசிவோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ கஷாயம் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உரை மருந்துக்கு நான் எதிரியா?

ஆச்சிக்கு என் மேல் வருத்தமே இதில்தான். “ஒங்க சாஸ்திரத்துல உள்ளதைத்தானே கேக்கேன், நீங்களே குடுக்க மாட்டேங்கீகளே!” என்றார்.

பாலவாகடம் படித்தவன்தான் நான். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 1,640 கிராம் குழந்தைக்கு வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் கல்லில் எத்தனை சுற்று உரசினால் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஜாதிக்காய் கொஞ்சம் கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும். ஏற்கெனவே பாலுக்கு எழுந்திருக்காத குழந்தையை இன்னும் தூங்க வைப்பதா? வசம்பில் இருக்கிற ஒரு சத்து எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். உரசுகிற கல்லும், கரைக்கிற தண்ணீரும், தொட்டு வைக்கிற விரலும் சுத்தமா என்பது வேறு கேள்வி. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலும், டாக்டர் எழுதிய சொட்டு மருந்தும் போதும். தேன் ஒரு வயது வரை கூடாது, நாக்கில் தடவக்கூடக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, தொண்டைக்குள் விரல் விடுவது... இதையெல்லாம் எங்கள் சாஸ்திரத்தின் பெயரால் செய்யாதீர்கள், புண்ணியமாகப் போகும். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

எடை குறைந்த குழந்தைக்குச் சூடுதான் முதல் மருந்து. அதற்கு அம்மாவின் மார்பைவிட நல்ல இடம் கிடையாது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் போதாமல், குழந்தையை அம்மாவின் மார்போடு ஒட்டிக் கட்டி வைக்க ஆரம்பித்தார்கள். இன்று கங்காரு முறை என்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்டு, தோலோடு தோலாக, நிமிர்ந்த நிலையில், மூக்கு மூடாமல் வைத்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இரட்டையரில் ஒன்றை அப்பா வாங்கிக்கொள்ளலாம். பாட்டியும் வாங்கிக்கொள்ளலாம். ஆச்சி வெட்கப்பட்டார். ஆனால் செய்தார்!

பால் கொடுப்பதில் சிசேரியன் அம்மாவுக்கு ஒரு வசதியான முறை இருக்கிறது. குழந்தையை மடியில் போட்டால் தையல் மேல் அழுத்தும். அதற்குப் பதில் பக்கவாட்டில் தலையணை வைத்து, குழந்தையின் கால்கள் அம்மாவின் முதுகுப் பக்கம் போகும்படி, கக்கத்தில் குடத்தை இடுக்கிக்கொள்வதுபோல் பிடித்துக்கொள்ள வேண்டும். வலதும் இடதுமாக இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ஆனால் பெரியவள் ஒரே பக்கத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விடாதீர்கள், மாற்றி மாற்றிக் கொடுங்கள். சின்னது அழாவிட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும், உள்ளங்காலை வருடி எழுப்பிக் கொடுக்க வேண்டும். சப்பத் தெம்பில்லாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றும் 6 தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றும்!

தூளி நமக்குப் பழக்கம்தான். இந்த எடையில் வேண்டாம். கழுத்து மடங்கி மோவாய் மார்பில் இடித்தால் மூச்சு தடைப்படும். இரண்டையும் ஒரே தூளியில் போடுவதை நினைக்கவே வேண்டாம். சமதளமான பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தனித்தனியாக. தொப்புள் கொடியில் எதையும் தடவாதீர்கள். எடை ஏறும்வரை குளிப்பாட்டாமல் துடைத்து விட்டால் போதும்.

பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடம்பு 99.5 டிகிரிக்கு மேல் சுட்டால் அல்லது சில்லிட்டிருந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், வெட்டி இழுத்தால், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரி. ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றாலும், மற்றதையும் அன்றே ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்துப் போடுவார்கள். ஆனால் தலை நிற்பது, குப்புற விழுவது போன்றவற்றை, டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவ தேதியிலிருந்து எண்ண வேண்டும். நான்கு வாரம் முன்னால் பிறந்த குழந்தை நான்கு வாரம் பிந்தித்தான் செய்யும். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். அக்காவோடு தங்கையையும் ஒப்பிடாதீர்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியவள் 3,300 கிராம், சின்னவள் 2,620. ஆச்சியின் சுருக்குப் பையில் காலண்டர் தாள் இல்லை. மகள் ஒரு நீள நோட்டு கொண்டுவந்திருந்தார். நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் ‘பெரியவள்’, வலது பக்கம் ‘சின்னவள்’. பால், சிறுநீர், மலம், சொட்டு மருந்து எல்லாம் மணி போட்டு எழுதியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுதிய இடங்களில் கையெழுத்து வேறு. அப்பாவுடையதாம்.

“இப்பவாவது உரை மருந்து...” என்று ஆச்சி இழுத்தார்.

“இல்ல ஆச்சி.”

மகளின் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. லேகியத்தை மட்டும் கட்டிக் கொடுத்தேன். ஆச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.